இரு இயங்குதளங்கள் கொண்ட கணினி எழ மறுத்தால்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, வேண்டியபோது வேண்டியதைத் தெரிந்தெடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் நமது நாட்டின் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் புதியதன்று. மத்திய அரசைச் சார்ந்த சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' என்னும் இயங்குதளம் 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கப்பட்ட மடிக்கணினிகளில், தொடக்க காலத்தில், விண்டோஸும் பாஸும் அருகருகே இடம் பெற்றிருந்தன. அண்மையில் இவ்வழக்கத்திற்கு மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்போ, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சாதனத்தையும் ஓரளவு புதிய செயலியையும் கோருகின்றது. ஆகவே, நன்கு உழைக்கக்கூடிய நிலையில் இருந்தும் புதிய பதிப்பினை ஏற்க இயலாத கணினிகளில், பழைய விண்டோஸை அகற்றாமலே அதனருகில் லினக்ஸை நிறுவிக்கொள்வோர் உள்ளனர்.

இத்தகைய கணினி ஒரு நாள் காலையில் எழ மறுக்கின்றது. கருந்திரையில் இரண்டொரு ஆங்கிலச் சொற்கள் தோன்றி, அதற்கு மேல் யாதும் நிகழ்வதில்லை. அருகிலிருப்போர் கூறும் யோசனை பெரும்பாலும் ஒன்றே: "ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிடலாம்." இந்த யோசனை கணினியை எழச் செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனுள் இருந்த மதிப்பெண் பட்டியல்களும், மண் பரிசோதனைக் குறிப்புகளும், ஒரு பருவம் முழுதும் களத்தில் அலைந்து எடுத்த படங்களும் அதனோடு போய்விடும். உண்மை யாதெனில், இவ்வாறு எழ மறுக்கும் கணினிகள் பலவற்றில் ஆவணங்களுக்கு யாதொரு சேதமும் நேர்ந்திருப்பதில்லை. சேதமுற்றது, இயங்குதளத்தை நினைவகத்திற்கு அழைத்து வரும் மிகச் சிறிய நிரல் ஒன்றாகவோ, அந்நிரலின் இருப்பிடத்தைக் குறிக்கும் ஒரு வரியாகவோ இருக்கக்கூடும். அச்சிறு பகுதியைக் கண்டறிந்து சீர்செய்யும் முறையைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் பயனுடையது. பழுதை நீக்கத் தாமே முற்படாவிடினும், பழுது பார்ப்பவர் செய்ய முனையும் காரியம் தேவைதானா என்று வினவவேனும் இவ்வறிவு துணை செய்யும்.

கணினி துயிலெழும் முறை

கணினியை இயக்கத் தொடங்குவதை ஆங்கிலத்தில் 'பூட்' என்பர். காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னைத் தானே உயரத் தூக்கிக்கொள்வது என்னும் வேடிக்கையான தொடரிலிருந்து பிறந்த சொல் இது. தமிழில் இதற்கு நேரான வழக்கு ஒன்றைத் தேடினால், தன் தோளின்மேல் தானே ஏறி நிற்பது என்று வேண்டுமானால் சொல்லலாம். சொல் வேடிக்கையாயினும் அதன் பொருள் சரியானதே. இயங்குதளம் வன்தட்டில் உறங்குகின்றது. அதை எழுப்ப ஒரு நிரல் வேண்டும். அந்நிரலும் வன்தட்டில்தான் உள்ளது. அதை எழுப்புவது யார்?

இச்சிக்கலைத் தீர்ப்பதற்காகவே, கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லொன்றில் நிலையான நிரல் ஒன்று பொதிந்து வைக்கப்பட்டுள்ளது. பழைய கணினிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். பயாஸ் அறிந்த காரியம் மிகக் குறைவு. வன்தட்டின் முதற் கூற்றில் உள்ள 512 பைட்டுகளைப் படித்து, அவற்றின் தொடக்கத்தில் உள்ள நிரலை இயக்குவது ஒன்றே அது. அந்த 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் நிரலுக்கு உரியவை. அடுத்த 64 பைட்டுகளில், தட்டு எவ்வெவ்விடத்தில் எத்தனை பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணை உள்ளது. எஞ்சிய இரண்டு பைட்டுகள், 'இத்தட்டிலிருந்து தொடங்கலாம்' என்பதற்கு அடையாள முத்திரை. 446 பைட்டுகள் என்பது இப்பத்தியின் பாதியைக்கூட எழுதப் போதாத இடம். ஆதலால் அங்குள்ள நிரல், சற்றுப் பெரியதாகிய மற்றொரு நிரலை அழைப்பதோடு தன் பணியை முடித்துக்கொள்ளும்.

பின்னர் வந்த கணினிகளில் பயாஸுக்குப் பதிலாக யூ.இ.எஃப்.ஐ. என்னும் ஏற்பாடு அமைந்துள்ளது. இது சற்று அறிவு மிகுந்தது. வன்தட்டில் ஃபேட் 32 என்னும் முறையில் அமைக்கப்பட்ட சிறு பிரிவொன்றைத் திறந்து, அதிலுள்ள கோப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கவல்லது. இச்சிறு பிரிவில் விண்டோஸுக்கு ஓர் அடைவும், உபுண்டு போன்ற லினக்ஸுக்கு ஓர் அடைவும் தனித்தனியே இருக்கும். இவற்றுள் எதை முதலில் அழைப்பது என்னும் வரிசைப் பட்டியல், வன்தட்டிலன்றித் தாய்ப்பலகையில் உள்ள அழியாத நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். பட்டியல் ஓரிடத்திலும், பட்டியல் சுட்டும் கோப்புகள் வேறிடத்திலும் இருக்கின்றன என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒன்று மாறி மற்றொன்று மாறாத நிலையிலேயே கோளாறுகள் பல பிறக்கின்றன.

லினக்ஸ் நிறுவப்பட்ட கணினியில், இவ்வாறு அழைக்கப்படும் நிரல் பெரும்பாலும் 'கிரப்' என்பதாகும். இதனை இருப்புப்பாதைச் சந்திப்பில் நிற்கும் பாயிண்ட்ஸ்மேனுக்கு ஒப்பிடலாம். ஒரு பாதை விண்டோஸுக்குச் செல்கின்றது. மற்றொன்று லினக்ஸுக்குச் செல்கின்றது. எப்பாதை வேண்டும் என்று கேட்டு, அதற்கேற்ப நெம்புகோலைத் தள்ளுவது இவரது பணி. லினக்ஸ் என்று விடை வந்தால், கெர்னல் என்னும் கருநிரலையும், அதற்குத் துணையாக 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சிறு கட்டுச்சோற்று மூட்டையையும் கிரப் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது. வன்தட்டைப் படிக்கத் தேவையான கருவி நிரல்கள் அந்த மூட்டையில் உள்ளன. விண்டோஸ் என்று விடை வந்தால், விண்டோஸுக்கே உரிய தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகின்றது. பாயிண்ட்ஸ்மேன் ஒரு நாள் பணிக்கு வரவில்லையெனில் வண்டிகள் நின்றுவிடும் என்பது மெய்தான். அதற்காக இரு பாதைகளையும் பெயர்த்தெறிந்து புதிதாக அமைப்பார் எவருமில்லை.

திரையில் தோன்றுவதைப் படித்தல்

பழுதை நீக்குவதற்கு முன்னர், தொடரின் எந்தக் கண்ணி அறுபட்டுள்ளது என்பதை அறிய வேண்டும். இதற்குத் திரையில் தோன்றும் சொற்களே சான்று. அவற்றைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுதல் நன்று. மறுமுறை இயக்கும்போது அச்சொற்கள் மாறிவிடுவதுண்டு.

தெரிவுப் பட்டியலே தோன்றாமல் கணினி நேராக விண்டோஸுக்குச் சென்றுவிட்டால், அதனைப் பழுது என்று கூறுவதுகூடப் பொருந்தாது. யூ.இ.எஃப்.ஐ. பட்டியலில் விண்டோஸ் முதலிடத்திற்கு வந்துவிட்டது என்பதே இதன் பொருளாக இருக்கக்கூடும். விண்டோஸின் பெரிய திருத்தப் பதிப்புகள் ஏற்றப்பட்ட பின்னர் இவ்வாறு நிகழ்வதுண்டு. கணினியை இயக்கியவுடன் அதற்குரிய விசையை அழுத்தினால் (டெல், லெனோவா கணினிகள் பலவற்றில் எஃப் 12, எச்.பி. கணினிகளில் எஃப் 9), தொடக்கப் பட்டியல் திரையில் வரும். அதில் உபுண்டு அல்லது டெபியன் என்னும் பெயர் காணப்படுமாயின், அதனைத் தெரிந்தெடுத்து லினக்ஸுக்குள் சென்று, பின்னர் வரிசையை மாற்றிவிடலாம். ஐந்து நிமிடங்களில் முடியும் காரியம் இது.

இதற்கு மாறாக, லினக்ஸைத் திருத்தியமைத்த பின்னர்ப் பட்டியலில் விண்டோஸ் மட்டும் காணாமற்போவதுண்டு. கிரப் 2.06 என்னும் பதிப்பு 2021-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, வேற்று இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் 'ஓஎஸ்-புரோபர்' என்னும் துணை நிரல், பாதுகாப்புக் கருதி, தானாக இயங்காதபடி நிறுத்தி வைக்கப்பட்டது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து இதனை மீண்டும் இயங்கச் செய்யலாம். விண்டோஸ் அழிந்துவிட்டதென்று அஞ்சி, அதனை மறுபடி நிறுவ முற்படுவோர் இச்செய்தியை அறிந்திருத்தல் வேண்டும்.

'கிரப் ரெஸ்க்யூ' என்னும் சொற்கள் தோன்றி ஒளிக்குறி இமைத்துக்கொண்டிருந்தால், கிரப்பின் முதற் பகுதி எழுந்துவிட்டது, ஆனால் அதன் எஞ்சிய பகுதி இருக்கும் பிரிவு அதற்கு அகப்படவில்லை என்பது கருத்து. லினக்ஸுக்குரிய பிரிவினை, விண்டோஸில் இருந்தபடி, 'பயன்படாத இடம்' என்று கருதி யாரேனும் நீக்கிவிட்டாலோ, பிரிவுகளின் அளவை மாற்றி அமைத்தாலோ இந்நிலை நேரும். விண்டோஸ் லினக்ஸின் பிரிவுகளைப் படிப்பதில்லை. ஆகையால் அவை அதன் கண்ணுக்கு வெற்றிடம் போலவே தோற்றமளிக்கின்றன. இதைவிடச் சற்று மேலான நிலை, 'ரெஸ்க்யூ' என்னும் சொல் இல்லாமல் 'கிரப்' என்று மட்டும் தோன்றுவது. இங்கே கிரப் முழுமையாக எழுந்துள்ளது. பட்டியலைக் கொண்ட அமைப்புக் கோப்பு மட்டுமே அதற்குக் கிடைக்கவில்லை.

பட்டியல் தோன்றி, லினக்ஸைத் தெரிந்தெடுத்த பின்னர், 'கெர்னல் பேனிக்' என்று தொடங்கும் செய்தியோடு நின்றுவிடுவது வேறொரு வகை. புதிய கெர்னல் ஏற்றப்படும்போது மின்சாரம் நின்றிருக்கலாம்; அல்லது அதற்குரிய பிரிவில் இடம் தீர்ந்துபோய், கட்டுச்சோற்று மூட்டை அரைகுறையாகக் கட்டப்பட்டிருக்கலாம். கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்னும் வரியைத் திறந்தால், பழைய கெர்னல் ஒன்றேனும் அங்குக் காத்திருப்பது வழக்கம். அதனைக் கொண்டு எழுந்து, தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கி இடம் உண்டாக்கி, புதியதை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சொல்லோடு கணினி நின்றுவிட்டால், கோப்பு முறையில் பிழை உள்ளது, அதனைச் சோதிக்க வேண்டும் என்று அது கேட்பதாக இருக்கலாம். பிழையுற்ற பிரிவின் பெயரையும் அச்செய்தியே தெரிவிக்கும். 'எஃப்எஸ்சிகே' என்னும் கட்டளையை அப்பெயரோடு சேர்த்துக் கொடுத்தால் சோதனை நடைபெறும். வன்தட்டே நோயுற்றிருக்கின்றதோ என்னும் ஐயம் இருக்குமாயின் மட்டும், இதனைச் செய்யாமல் அடுத்துக் கூறப்போகும் மீட்பு வேலையை முதலில் செய்தல் வேண்டும்.

விண்டோஸின் பக்கத்திலும் ஒரு விசித்திரமான கோளாறு உண்டு. லினக்ஸை நிறுவும்போது, இன்டெல் நிறுவனத்தின் ஆர்.எஸ்.டி. என்னும் வட்டு ஏற்பாட்டினை அணைத்து, ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றும்படி நிறுவு நிரல் கேட்பதுண்டு. அவ்வாறே மாற்றினால் லினக்ஸ் நன்கு நிறுவப்பட்டுவிடும். விண்டோஸோ, தன் தட்டு தனக்குத் தெரியவில்லை என்று கூறி நீலத்திரையில் நின்றுவிடும். அமைப்பினைப் பழையபடி மாற்றினால் விண்டோஸ் எழும். விண்டோஸைப் புதிய முறைக்கு முன்கூட்டியே பழக்கிவிட்டு, அதன் பின்னரே மாற்றியிருக்க வேண்டும் என்பது இதற்குரிய முறை.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிகழ்ந்தது

இக்கட்டுரையின் கருத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு 2024-ஆம் ஆண்டில் கிடைத்தது. புதிய கணினிகளில் 'செக்யூர் பூட்' என்னும் காவல் ஏற்பாடு ஒன்று உள்ளது. நம்பத்தக்க கையொப்பம் இல்லாத தொடக்க நிரல் எதனையும் அது இயங்க விடாது. லினக்ஸின் பொருட்டு, 'ஷிம்' என்னும் சிறு நிரல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கையொப்பத்தோடு முன்னே சென்று, கிரப்பினை உள்ளே அழைத்துச் செல்கின்றது. கிரப்பின் பழைய பதிப்புகள் சிலவற்றில் பாதுகாப்புக் குறை காணப்பட்டமையால், இன்ன தலைமுறைக்கு முற்பட்டவற்றை அனுமதிக்கலாகாது என்று தாய்ப்பலகையின் நினைவகத்தில் எழுதி வைக்கும் 'எஸ்பேட்' என்னும் முறை கொண்டுவரப்பட்டது.

2024 ஆகஸ்ட் 13-ஆம் நாள் வெளியான விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தம், அத்தகைய தடையொன்றைக் கணினிகளில் எழுதியது. இரு இயங்குதளங்கள் உள்ள கணினிகளுக்கு இத்தடை பொருந்தாதபடி செய்வதாகவே ஏற்பாடு. ஆயினும் சில கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அத்திருத்தம் உணரத் தவறியது. விளைவாக, லினக்ஸை அழைத்தவுடன், 'ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது' என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம் திரையில் தோன்றிக் கணினி அணைந்துபோயிற்று. இச்சொற்களைக் கண்ட எவருக்கும் எல்லாம் அழிந்துவிட்டது என்றே தோன்றும். நிகழ்ந்ததோ, வாயிற்காவலனிடம் இருந்த பெயர்ப்பட்டியல் மாறியது மட்டுமே. லினக்ஸின் கோப்புகள் எவையும் தொடப்படவில்லை.

இதற்குரிய பரிகாரமும் எளியதே. செக்யூர் பூட்டினை அமைப்புத் திரையில் சிறிது நேரம் அணைத்து வைத்து, லினக்ஸுக்குள் சென்று, 'மோக்யூடில்' என்னும் கட்டளையால் எஸ்பேட் தடையை நீக்கி, ஒருமுறை லினக்ஸை மறுபடி இயக்கி, பின்னர்க் காவலை மீண்டும் அமைத்துக்கொள்வது அம்முறை. லினக்ஸின் திருத்தங்களையும் உடன் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். பழைய ஷிம்மும் பழைய கிரப்பும் அப்படியே இருந்தால் தடை மீண்டும் வரும்போது அதே நிலை ஏற்படும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024 செப்டம்பர்த் திருத்தத்தில் அத்தடையைச் சேர்க்காது விட்டது. 2025 மே மாதத் திருத்தத்தோடு இச்சிக்கல் தீர்ந்ததாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில், அச்செய்தியைக் கண்டு அஞ்சி வன்தட்டைத் துடைத்துவிட்டவர் எவரேனும் இருப்பின், அவருடைய இழப்புக்குக் காரணம் திருத்தமன்று, துடைத்த கையே.

முதலில் மீட்பு, பின்னர்ப் பழுது நீக்கம்

மேற்கூறிய எக்கோளாறாயினும், ஆவணங்களை வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பின்னரே பழுது நீக்கத்தில் இறங்குதல் வேண்டும். இவ்வொழுங்கினை மாற்றலாகாது. இதற்கு வேண்டுவன, 8 கிகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்றும், ஆவணங்களை ஏற்கத்தக்க வேறொரு வட்டும். பழுதற்ற வேறொரு கணினியில், லினக்ஸின் நிறுவு படிமத்தைப் பென் டிரைவில் எழுதி, அதனைக் கொண்டு பழுதுற்ற கணினியை இயக்கினால், வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் நினைவகத்தில் இயங்கும். தொடக்கத்தில் 'முயன்று பார்', 'நிறுவு' என்னும் பொருளுடைய இரண்டு வழிகள் காட்டப்படும். முன்னதையே தெரிந்தெடுக்க வேண்டும். இந்த ஓரிடத்தில் அவசரத்தால் கை தவறினால், மீட்க வந்த கருவியே அழிக்கும் கருவியாகிவிடும்.

பிரிவுகள் கண்ணுக்குத் தெரிந்தவுடன், வட்டின் உடல்நிலையை ஒருமுறை நோக்குதல் நன்று. வன்தட்டுகள் தம் குறைகளைத் தாமே பதிவு செய்துகொள்ளும் 'ஸ்மார்ட்' என்னும் ஏற்பாடு ஒன்று உண்டு. பழுதுற்றமையால் மாற்றப்பட்ட கூறுகளின் எண்ணிக்கையும், படிக்க இயலாமல் மாற்றத்திற்குக் காத்திருப்பவற்றின் எண்ணிக்கையும் அதில் காணப்படும். இவ்வெண்கள் நாளுக்கு நாள் உயர்ந்து வருமாயின், அல்லது வட்டிலிருந்து தட்டும் ஓசை எழுமாயின், நோய் தொடக்க நிரலில் இல்லை, வட்டிலேயே உள்ளது. அந்நிலையில் கோப்பு முறையைச் சோதிப்பதும் திருத்துவதும் தீங்கு விளைக்கும். கிடைப்பதை முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கென 'டிடிரெஸ்க்யூ' என்னும் கருவி உள்ளது. படிக்க இயலும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இயலாதவற்றைப் பின்னர் மீண்டும் மீண்டும் முயல்வது அதன் இயல்பு.

விண்டோஸ் பிரிவைத் திறக்கும்போது, 'உறக்க நிலையில் உள்ளது' என்று கூறி லினக்ஸ் அதில் எழுத மறுப்பதுண்டு. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் வசதியே இதற்குக் காரணம். அவ்வசதி இயங்கும்போது, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி வேலையைக் குறித்து வைத்துவிட்டு உறங்குகின்றது. அக்குறிப்பை அழித்துவிட்டு எழுதும் வழி லினக்ஸில் இருப்பினும், மீட்பு வேலைக்கு அது தேவையன்று. படிப்பதற்கு மட்டும் திறந்து நகலெடுத்தாலே போதும்.

விண்டோஸ் பிரிவு 'பிட்லாக்கர்' பூட்டினால் பூட்டப்பட்டிருக்குமாயின், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் இல்லாமல் அதிலுள்ள ஆவணம் எதையும் படிக்க இயலாது. புதிய கணினிகளில் இப்பூட்டு, பயன்படுத்துவோர் அறியாமலே இடப்பட்டிருப்பதும் உண்டு. செக்யூர் பூட்டினை அணைத்தாலும், தொடக்க வரிசையை மாற்றினாலும், அடுத்த முறை விண்டோஸ் இந்த எண்ணைக் கேட்டு நின்றுவிடக்கூடும். ஆகையால், அமைப்புத் திரையில் எதனையும் மாற்றுவதற்கு முன்னரே, அவ்வெண் கைவசம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கினைக் கொண்டு கணினியை அமைத்தவர்களுக்கு, அக்கணக்கின் பக்கத்தில் இவ்வெண் கிடைப்பது வழக்கம். கணினியை அமைத்தவர் மாற்றலாகி வேறூர் சென்றுவிட்டால் நேரும் தொல்லையைச் சொல்ல வேண்டுவதில்லை.

பழுது நீக்கத்தின் முறை, நோயாளியின் வீட்டிற்கு உதவிக்கு வந்த ஒருவர், அவ்வீட்டு அடுப்பிலேயே அவ்வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டே அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதை ஒத்தது. பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ், வன்தட்டில் உள்ள லினக்ஸின் மூலப் பிரிவைத் திறந்து, யூ.இ.எஃப்.ஐ. சிறு பிரிவினையும் அதற்குரிய இடத்தில் இணைத்து, சாதனங்களைக் காட்டும் அடைவுகளையும் பொருத்திய பின்னர், 'சிஎச்ரூட்' என்னும் கட்டளையால் அவ்வீட்டிற்குள் நுழைகின்றது. அதன் பின்னர்க் கொடுக்கும் கட்டளைகள் யாவும், நோயுற்ற லினக்ஸே எழுந்து நின்று கொடுப்பவை போலச் செயற்படும். 'கிரப்-இன்ஸ்டால்' என்னும் கட்டளை பாயிண்ட்ஸ்மேனை மீண்டும் பணியில் அமர்த்துகின்றது. 'அப்டேட்-கிரப்' என்பது, பாதைகள் எவை என்று நோக்கிப் பட்டியலைப் புதிதாக எழுதுகின்றது. இவ்வளவையும் ஒரு பொத்தானில் அடக்கிச் செய்து தரும் 'பூட்-ரிப்பேர்' என்னும் கருவியும் உண்டு. அது செய்யும் காரியம் யாதென்று அறிந்த பின்னர் அதனைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

இம்முயற்சி பலருக்குப் பலிக்காமற் போவதற்குக் காரணம் ஒன்று உண்டு. கணினிகள் பல, பழைய பயாஸ் முறையிலும் புதிய யூ.இ.எஃப்.ஐ. முறையிலும் பென் டிரைவினை இயக்கவல்லவை. வன்தட்டில் உள்ள இயங்குதளங்கள் எம்முறையில் நிறுவப்பட்டனவோ, அம்முறையிலேயே பென் டிரைவும் இயக்கப்பட வேண்டும். மாறான முறையில் இயக்கிக் கிரப்பை நிறுவினால், கட்டளை பிழையின்றி முடிந்ததாகத் தோன்றினும், மறுமுறை அதே கருந்திரையே எதிர்ப்படும். லினக்ஸில் 'சிஸ்' அடைவினுள் 'ஃபர்ம்வேர்' என்பதன் கீழ் 'எஃபி' என்னும் அடைவு காணப்படுமாயின், யூ.இ.எஃப்.ஐ. முறையில் எழுந்துள்ளது எனத் தெளியலாம்.

விண்டோஸின் தொடக்க நிரல் பழுதுற்றிருந்தால், அதற்கு விண்டோஸின் நிறுவு வட்டே ஏற்றது. அதிலுள்ள தொடக்கச் சீரமைப்பு வசதியோ, 'பிசிடிபூட்' என்னும் கட்டளையோ சிறு பிரிவில் வேண்டிய கோப்புகளை மீண்டும் எழுதிவிடும். விண்டோஸ் பிரிவின் கோப்பு முறையைச் சோதிக்கும் வேலையையும் விண்டோஸின் 'செக்டிஸ்க்' கருவியிடமே விட்டுவிடல் வேண்டும்; லினக்ஸின் கருவிகள் அதில் மேற்பூச்சுக்கு மேல் எதுவும் செய்வதில்லை. பழைய பயாஸ் கணினியில் விண்டோஸ் தன்னைச் சீர்செய்துகொள்ளும்போது, முதற் கூற்றின் 446 பைட்டுகளையும் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளும். ஆகவே அங்கே விண்டோஸை முதலிலும், கிரப்பை அதற்குப் பின்னரும் சரிசெய்வதே முறையாகும். புதிதாக இரண்டையும் நிறுவுவோரும் இதே காரணத்தால் விண்டோஸை முதலில் நிறுவுவர்.

கடிகாரம் பற்றி ஒரு சொல்

பழுதன்று எனினும், இரு இயங்குதளக் கணினியை வைத்திருப்போர் அடிக்கடி வியப்புறும் செய்தி ஒன்றை இங்குச் சொல்லிவிடலாம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுவதுண்டு. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் கொள்கின்றது. உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்கின்றது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முற்பட்டது; ஆகவே அந்த வேறுபாடு. இணையத் தொடர்பு உள்ள இடங்களில் இது தானே திருந்திவிடும். தொடர்பற்ற சிற்றூர்களில் திருந்துவதில்லை. வருகைப் பதிவிலும் கள அளவீடுகளிலும் தவறான நேரம் பதிவாகிவிடும். உள்ளூர் நேரத்தையே கொள்ளும்படி லினக்ஸுக்கு 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் ஒருமுறை தெரிவித்துவிட்டால் இரண்டும் இணங்கும்.

முன்னேற்பாடுகள்

முழுமையாக மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலைகளும் உண்டு. வட்டு அழிந்துபோனால் புதிய வட்டில் நிறுவியே ஆகவேண்டும். லினக்ஸின் மூலக் கோப்புகள் பெருமளவில் நீக்கப்பட்டுவிட்டாலும் அவ்வாறே. லினக்ஸை நிறுவும்போது ஆவணங்களுக்கு 'ஹோம்' என்னும் தனிப் பிரிவினை ஒதுக்கியிருப்பவர்கள், அப்பிரிவைத் தொடாமல் மூலப் பிரிவை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே பிரிவில் வைத்தவர்களுக்கு இவ்வசதி இல்லை.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்தி வைப்பதும், இயங்கத்தக்க மீட்புப் பென் டிரைவ் ஒன்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்து சோதித்து வைப்பதும் செலவற்ற முன்னேற்பாடுகள். கணினி நலமாக இருக்கும்போதே, அதன் பிரிவுகள் எவை, எப்பிரிவில் எந்த இயங்குதளம் உள்ளது, எம்முறையில் அவை நிறுவப்பட்டன, தொடக்கப் பட்டியலுக்குரிய விசை யாது, வட்டு ஏற்பாடு ஏ.எச்.சி.ஐ. முறையா வேறா என்பவற்றையும், பிட்லாக்கர் மீட்பு எண்ணையும் ஒரு தாளில் கையால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மீட்பு எண் இருப்பதால், அத்தாளைக் கணினியோடு ஒட்டி வைக்கலாகாது. பொறுப்பாளரின் பூட்டிய பேழையில் வைத்து, பொறுப்பு மாறும்போது மற்றப் பதிவேடுகளோடு சேர்த்துக் கையொப்பம் பெற்று ஒப்படைத்தல் வேண்டும்.